கண்மாயில் எவ்வளவு, எனக்கு எவ்வளவு

என் மகன் சென்னையில் மெயின்பிரேம் கம்ப்யூட்டர் பார்க்கிறான். இந்தியாவில் பாதி பேங்க் அவன் விரல் நுனியில்தான் ஓடுகிறது.

காலையில் போனில் சொன்னான்: "அய்யா, புரோகிராம் மிஷின்கிட்டயே கேக்கும். ஒனக்கு மொத்தம் எம்புட்டுத் தெம்பு, அதுல எனக்கு எம்புட்டுன்னு. ரெண்டுக்கும் டக்குன்னு பதில் வந்துரும்."

என் கடைமடை வயலில் கதிர் வரும் நேரம், மண் வெடித்துக் கிடக்கிறது. நேரே பாசன ஆபீசுக்குப் போனேன்.

"கண்மாயில தண்ணி எம்புட்டு சார் கெடக்கு?"

"முக்கால்வாசி கெடக்கு, பெரியவரே."

"அதுல எனக்கு எம்புட்டு?"

"அத மேலதான் கேக்கணும்."

"மேலன்னா யாரு?"

ஆபீசர் மின்விசிறியைப் பார்த்தார்.

இன்னும் நாலு நாள் இப்படியே போனால் அத்தனையும் பதர்தான். உங்கள் ஊரில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வாங்கியவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். நேரில் வந்து மாலை போடுகிறேன்.