ஐஸ் கட்டிய கை

மேல் அலமாரியிலிருந்து இட்லிப் பானையை இறக்கப்போய் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. இந்த வீரச் செயலுக்குப் பரிசாக என் மனைவி ஒரு பையில் ஐஸ் கட்டிகளை நிரப்பித் தோளில் வைத்து, மிச்சச் சாப்பாட்டை மூடிவைக்கும் கண்ணாடித்தாளால் அக்குள் வழியாகச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விமான நிலையத்தில் பெட்டியைச் சுற்றித் தருவார்களே, அந்த மாதிரி. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். தொப்பை போட்ட ஐம்பது வயது ஆள் ஒருவன், ஒரு பக்கத் தோள் மட்டும் பயில்வானுடையதைப் போல் வீங்கி நிற்கிறான். சிரித்தேன், சிரித்தால் வலித்தது. இதே கோலத்தில் ஒரு கையை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டி ஃபோன் போட்டு ஒரு சர்வதேச பேஸ்பால் போட்டியையே கலங்கடித்தேன். அதை நினைக்கும்போதெல்லாம், ஒரு பெண் என் எதிரில் நின்று தன் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்த காட்சிதான் முதலில் கண்முன் வருகிறது. அதற்குப் பிறகுதான் என் முட்டாள்தனம் வரிசையில் வந்து நிற்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நான் ஜெர்மனியில், வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் துறைத் தலைவர் பேஸ்பால் பைத்தியம். ஜெர்மனியில் அந்த விளையாட்டைப் பார்க்க வருகிறவர்களைவிட அதன் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்கள் அதிகம் என்று அவரே சொல்வார். அந்தக் கோடையில் ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான ஒரு போட்டி, எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரக் கார் தூரத்தில் நடந்தது. ஜெர்மன் அணியின் பெரிய நம்பிக்கை ஓர் இளம் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர். இருபது வயதைத் தாண்டியவுடன் ஓர் அமெரிக்க கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. அங்கே கீழ்வரிசை அணி ஒன்றில், மேலே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அந்த ஒரு வாரம் தாய்நாட்டுக்காக விளையாட அவரை கிளப் அனுப்பிவைத்தது. ஆனால் நகையை இரவல் கொடுக்கிறவர்கள் மாதிரிதான் அனுப்பியது. ஒரு நாளைக்கு இத்தனை பந்துக்கு மேல் கூடாது, எறிந்த பிறகு ஓய்வு வேண்டும், கையில் சின்னச் சந்தேகம் வந்தாலும் உடனே சொல்லவேண்டும். காரணமும் நியாயமானதுதான். அந்தக் கை போனால் நஷ்டம் கிளப்புக்கு, கைதட்டல் மட்டும் ஜெர்மனிக்கு. தினமும் ஃபோனில் அவர்களிடம் கையின் நலம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. துறைத் தலைவர் என்னைப் பிடித்தார். எனக்கு இங்கிலீஷ் வரும், அமெரிக்காக்காரர்களோடு ஃபோனில் மல்லுக்கட்டிப் பழக்கம், கிரிக்கெட் வேறு தெரியும். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு பேஸ்பால் தெரியாதா என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் பயிற்சியில் அந்தப் பிட்சர் முழங்கையை மடக்கிச் சுழற்றி எறிந்ததைப் பார்த்து, என் வாய் தானாக "நோ-பால்" என்றது. பின்னாலிருந்து ஒரு குரல், "இஞ்சை எல்லாமே நோ-பால்தான்" என்றது. திரும்பினால், அணியின் தடித்த நீல மேற்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, கையில் ஐஸ் வாளியோடு ஒரு பெண். ஜூன் மாத வெயிலிலும் அந்தச் சட்டையை அவர் கழற்றியதில்லை; நாள் முழுக்க ஐஸோடு புழங்கினால் குளிரும் என்பார். அவர்தான் அணியின் பிசியோ. யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையாக வந்து டுசல்டோர்ஃபில் வளர்ந்தவர். நான் மரியாதையாக மேடம் என்றேன்.

"மேடம் கீடம் எண்டு கூப்பிட்டால் நான் திரும்பிப் பாக்கமாட்டன் அண்ணை."

என்னைவிட இளையவர், ஆகவே அக்கா என்று கூப்பிட முடியாது. தங்கச்சி என்றால் சினிமா வசனம் போல் இருந்தது. பிசியோ என்றே கூப்பிட்டேன். ஜெர்மன்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பந்து எறிகிற கையைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. கிளப்பில் எறிகிறபோது ஒருவன் கணக்காக எறிவானாம். அடுத்த மாதமும் அந்தக் கை வேண்டும் என்கிற நினைப்பு இருக்கும். தேசத்தின் சட்டையைப் போட்டுவிட்டால் அந்த நினைப்பு போய்விடும். ஆட்டப் பருவத்தின் பாதியில், வேறு நாட்டில், வேறு பயிற்சியாளரின் கீழ், இத்தனை நாளும் எறியாத வேகத்தில் எறிவார்கள். "சொந்தச் சனம் பாக்குதெண்டால் நோவு தெரியாது அண்ணை. விளையாட்டு முடிஞ்ச பிறகுதான் தெரியும்." அப்படியானால் நம் ஆள் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சட்டென்று வாளிக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார். அதைப் பிட்சரிடம்தான் கேட்கவேண்டும்; அவர் அனுமதி இல்லாமல் அவர் உடம்பைப் பற்றி வாய் திறக்க பிசியோவுக்குச் சட்டம் இடம் கொடுக்காது என்றார். பிட்சரிடம் கேட்டேன். "சூப்பர்" என்றார். அமெரிக்காவுக்கு ஃபோன் போட்டு சூப்பர் என்றேன். இவ்வளவுதான் வேலை என்று இருந்தது.

புதன்கிழமை அவர் எறிந்தார், ஜெர்மனி ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், அதிலும் அவர்தான். வாழ்த்துச் சொல்லலாம் என்று உடை மாற்றும் அறைக்குள் போனேன். பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தோளிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை அந்தக் கை பனங்கட்டை பருமனுக்கு இருந்தது. உள்ளே முழுக்க ஐஸ். மேலே கண்ணாடித்தாள் சுற்றி, விரல் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் திருச்சிக்காரன். எங்கள் ஊரில் அடிபட்ட கைக்கு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பார்கள், மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். இத்தனை ஐஸ் வைப்பது மீனுக்கும், வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை காத்திருக்கிற பிணத்துக்கும்தான். கை போய்விட்டது என்று என் மூளை அந்த நொடியே முடிவு கட்டியது. அவரை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே ஓடினேன், செல்ஃபோனைத் தலைகீழாகக் காதில் வைத்து ஹலோ ஹலோ என்றேன். நேராகப் பிடித்தபோது மறுமுனையில் கிளப் மேலாளர் ஏற்கெனவே பதறிக்கொண்டிருந்தார். அவருக்குத் தொற்றியது என் பதற்றம்தான்.

கை வீங்கிவிட்டது, பெரிதாக, மிகப் பெரிதாக என்றேன். தோளா முழங்கையா என்று கேட்டார். சரியாக அந்த நேரம் பிசியோ வாளியோடு வெளியே வந்தார். ஃபோனைப் பொத்திக்கொண்டு அவரிடம் பாய்ந்தேன். "கை ஃபுல்லா ஐஸ் வச்சிருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! கிளப்காரர் லைன்ல இருக்கார். தோளா, முழங்கையா?"

அவர் முகத்தில் முதலில் சிரிப்பு ஒன்று கிளம்பியது. பாதி வழியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், மூடிக்கிடந்த அறைக் கதவைப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்டும் சொல்ல ஏலாது அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே."

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நின்ற இடத்திலேயே வலது முழங்கையை இடக்கையால் மெல்லச் சொறிந்தார். ரைன் ஆற்றுச் சமவெளி, சாயங்கால நேரம். எங்கள் பக்கத்துக் கொசுக்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. என் கண்ணெதிரே இருந்தது ஒரு முழங்கை. என் வாய் "முழங்கை" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு ஞானம் பிறந்தது. பயிற்சி முடித்து வந்திருந்த வேறு நாட்டுப் பிட்சர்கள் ஒரு மேசை முழுக்க உட்கார்ந்து, தோளிலும் முழங்கையிலும் அதே ஐஸ் மூட்டைகளோடு, மற்றக் கையால் சாவகாசமாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். எறிந்து முடித்த பிட்சர் ஐஸ் கட்டுவது, சாப்பிட்டு முடித்தவர் கை கழுவுவது மாதிரி என்று துறைத் தலைவர் விளக்கினார். மேலாளரை மறுபடி கூப்பிட்டு, வீக்கம் இல்லை, அது வெறும் ஐஸ், நான் ஒரு முட்டாள் என்றேன். கடைசிச் செய்தியை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனுக்குச் சொல்லியாகிவிட்டது, படம் வரும்வரை அந்தப் பையன் ஒரு பந்துகூடத் தொடக்கூடாது என்றார். ஒரு மனிதனின் இறுதி ஆட்டத்தை நான் வாயால் கெடுத்துவிட்டேன். போதாததற்கு, கையில் கோளாறு என்ற பேச்சு வந்துவிட்டாலே அங்கே மேலே கூப்பிட யோசிப்பார்களாம். அன்று பூராவும் அவர் கண்ணில் படாமல் தூண்களுக்குப் பின்னாலேயே நடமாடினேன். என் உடம்புக்கு ஒரு தூண் போதவில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. தோளில் ஒன்றும் இல்லை. முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழியத் தொடங்கியிருந்தது. இன்னோர் ஆட்டம் முழு வேகத்தில் எறிந்திருந்தால் அறுந்திருக்கும், அப்புறம் அறுவைச் சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் பந்தைத் தொடமுடியாது என்று மருத்துவர் சொன்னார். பொய்யைச் சொன்னேன், அது உண்மையாகி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பிட்சர் சாதாரண உடுப்பில் வேலியோரம் உட்கார்ந்து பார்க்க, ஜெர்மனி தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். பிசியோ சற்றுத் தள்ளி வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முழங்கை என்று உனக்கு யார் சொன்னது என்று பிட்சர் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். அந்த வாரம் முழுவதும் நான் பேசியதில் கலப்படமே இல்லாத உண்மை அது ஒன்றுதான். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வலி இருந்தது எனக்குத் தெரியும், அறுந்தாலும் இன்றைக்கு எறிந்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கை ஆறி அடுத்த வருடம் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார், சில பருவங்கள் எறிந்தார், மேலே கடைசிவரை கூப்பிடவில்லை. இப்போது இங்கே ஜெர்மனியிலேயே ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் என்று கேள்வி. நான் அவருக்கு நல்லது செய்தேனா, அவருடைய வாழ்நாளின் ஒரே ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டேனா என்று இன்றுவரை புரியவில்லை. அதைவிடப் புரியாதது பிசியோ. அது ஐஸ்தான், எல்லாரும் கட்டுவதுதான் என்று சொல்ல எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே. ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம். என் பதற்றத்தை ஏன் ஓட விட்டார்?

போன வாரம் தோளில் ஐஸோடு உட்கார்ந்தபோது அவரைக் கூப்பிடத் தோன்றியது. டுசல்டோர்ஃபில் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் வைத்திருக்கிறார். எப்போது பிடித்தது, கை எதுவரை உயர்கிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "இதுக்கு ஆர் ஐஸ் வைக்கச் சொன்னது? கழட்டிப்போட்டு உப்பு ஒத்தடம் குடுங்கோ" என்றார். திருச்சி ஜெயித்த அந்த ஒரே தருணத்தைப் பயன்படுத்திக்கொண்டு கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழங்கையைச் சொறிந்தீர்களே, அது என்ன?

"அந்தப் பக்கம் நுளம்பு கூடத்தானே அண்ணை." கொசுவைத்தான் சொன்னார்.

"அவ்வளவு தடிமனான சட்டைக்கு மேலயா?"

"ஜெர்மன் நுளம்பு அண்ணை. வேலையைச் சரியாச் செய்யும்."

அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று வைத்துவிட்டார். மனைவி வந்து என்ன சொன்னாங்க என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஐஸ் கரைந்து, கண்ணாடித்தாளுக்குள்ளிருந்து ஒரு கோடாக இறங்கிய தண்ணீர் என் முழங்கையில் வந்து சொட்டியது. குளிர்ந்தது, சொறிந்துகொண்டேன்.