பாக்கெட்டில் போன ஃபியூஸ்

"லைன் இரண்டு நிற்கிறது. மூன்றாவது ஃபியூஸ் இடத்தில் இல்லை. வேறு போடவில்லை. எடுத்தவருக்காகக் காத்திருக்கிறேன்."

ஜெர்மனியில் நான் ஆட்டோமேஷன் பொறியியல் முதுகலை படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. அக்டோபர் மாதம், வியாழக்கிழமை, காலை ஏழு நாற்பது. எழுதியவர் கூடத்தின் டெக்னீஷியன். பக்கத்தை என் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஃபியூஸை எடுத்தவள் நான்தான்.

அங்கே போவதற்கு முன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடி வார்க்கும் ஒரு ஷெட்டில் மூன்று வருடம் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பார்த்தேன். அத்திப்பட்டில் மின்சார ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரை உட்கார்ந்தே போகலாம். டைரி எழுதும் பழக்கம் அந்த வண்டியில் வந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குள் கைவிடுகிறவர் முதலில் பேனலைத் திறந்து, அந்த மெஷினின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் கோட்டு பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அந்தப் பக்கம் நிற்பவர் தெரியாமல் சுவிட்சைத் தட்டினாலும் மெஷின் அசையாது. வேலை முடிந்ததும் அவரேதான் திரும்பப் போட வேண்டும். மறந்து கிளம்பினால், கேட்டில் செக்யூரிட்டி அக்கா பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். மூன்று வருடத்தில் என்னை இரண்டு முறை உள்ளே திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டும் செவ்வாய்க்கிழமை என்று டைரியில் இருக்கிறது.

ஜெர்மனியில் எங்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுத்திருந்தார்கள். மெஷினில் கைவைக்குமுன் மெயின் சுவிட்சில் அதைப் பூட்ட வேண்டும். அந்தப் புதன்கிழமை மாலை, ஆய்வேட்டு வேலைக்காக லைன் இரண்டில், அதாவது கூடத்தின் இரண்டாவது பயிற்சி மெஷின் வரிசையில், ஒரு சென்சாரை மாற்றினேன். பூட்டைப் போட்டேன். கூடவே என் கை தானாகப் பேனலைத் திறந்து ஃபியூஸையும் உருவிப் பாக்கெட்டில் போட்டது. சுண்டுவிரல் அளவு வெள்ளைப் பீங்கான் உருளை. ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டுவார்கள். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பூட்டை எடுத்தேன், கதவைச் சாத்தினேன், டிராம் பிடித்து அறைக்குப் போய்விட்டேன். அங்கே கேட்டும் இல்லை, அக்காவும் இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குக் குறிப்பேட்டைப் பார்த்ததும் கை பாக்கெட்டுக்குப் போனது. ஃபியூஸ் இருந்தது. அதை டெக்னீஷியனிடம் கொடுத்து, எடுத்தது நான்தான் என்றேன். முதல் வருட மாணவர்களின் காலைப் பயிற்சி ரத்தாகியிருந்தது. என் ஆய்வேட்டை வழிநடத்திய பேராசிரியை என்னை இரண்டு மணிக்கு வரச் சொன்னார். கூடத்தில் தனியாக வேலை செய்யும் அனுமதி அட்டையைத் தருவதும் பறிப்பதும் அவர் கையில்தான். அது போனால் அந்தப் பருவத்தில் ஆய்வேடு முடியாது. முடியாவிட்டால் இன்னொரு பருவம், விசா நீட்டிப்பு, வங்கிக் கணக்கில் மறுபடியும் பணம் காட்டுவது. அதற்கு வீட்டில் வழியில்லை.

ஷெட்டில் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பனைக் கூப்பிட்டேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"இன்னாமே, ஜெர்மனிக்குப் போயி ஃபியூஸ் திருடிகினு வந்துட்டியா?"

"சும்மா இருடா. எனக்கு இங்க பேஜாரா கீது."

"கேட்ல பாக்கெட்ட தட்ட ஆள் இல்லியா? இன்னா கம்பெனிமே அது?"

"கம்பெனி இல்லடா, காலேஜ்."

"எதுவா இருந்தா இன்னா. நீ ஒண்ணும் தப்பு பண்ணல. எடுத்துகினு போனதுதான் தப்பு. எடுத்தது தப்பில்ல. அத மட்டும் சொல்லு, அழுதுகினு நிக்காத."

மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு அதைப் படிக்கத் தொடங்குமுன், பேராசிரியை டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "அதே பேனலுக்குள் மாற்று ஃபியூஸ் பெட்டி இருக்கிறதே. ஏன் போடவில்லை?"

"இடம் காலியாக இருந்தது. யாரோ காரணத்தோடுதான் எடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாமல் நான் போடமாட்டேன்," என்றார் அவர்.

காகிதத்தை மடித்துவிட்டேன். எங்கள் ஷெட்டில் எப்படி என்று சொன்னேன். திரும்பப் போட மறந்ததும் வெளியே கொண்டுபோனதும் என் பிழை, எடுத்தது பிழையல்ல என்றேன். பூட்டு போதாதா என்று பேராசிரியை கேட்டார்.

"ஷெட்டில் எங்களுக்கு இருந்தது ஒரே பூட்டு. சாவி சூப்பர்வைசர் மேசையில் கிடக்கும், யாரும் எடுக்கலாம். என் பாக்கெட்டில் கைவிட்டு யாரும் எடுக்க முடியாது. நான் இருந்த மூன்று வருடத்தில் அங்கே ஒருவருக்கும் விரல் போகவில்லை."

இதைச் சொன்னபோது என் ஜெர்மன் இலக்கணம் எங்கே போனதென்று தெரியாது. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

அட்டை என்னிடமே தங்கியது, ஒரு வேலையோடு. கூடத்தின் விதித் தாளில் ஒரு வரியை நானே எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதினேன்: "ஃபியூஸ் இடம் காலியாக இருந்தால் நிரப்பாதே, எடுத்தவரைத் தேடு." டெக்னீஷியன் அதன் கீழே இன்னொன்று சேர்த்தார்: "கிளம்புமுன் பாக்கெட்டைப் பார்." ஆய்வேட்டை அந்தப் பருவத்திலேயே கொடுத்தேன். கொடுக்குமுன், ஷெட்டின் அந்த வழக்கத்தை அதில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கச் சொன்னார் பேராசிரியை. எந்த ஊர், எந்த ஆண்டிலிருந்து என்றும் கேட்டார். ஊர் எழுதுவது சுலபம். கும்மிடிப்பூண்டி என்று ஜெர்மன் எழுத்தில் தட்டிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்து ஊர் வந்த வாரமே ஷெட்டுக்குப் போனேன். விதித் தாளின் படத்தை நண்பனிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நம்ம ஷெட்டு சமாச்சாரம் அங்க செவுத்துல தொங்குதா? செக்யூரிட்டி அக்காகிட்ட காட்டுமே, தலைகால் புரியாது அதுக்கு."

அக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, பழக்கம் விடாமல் என் பாக்கெட்டைத் தட்டினார்.

ஆண்டு மட்டும் கிடைக்கவில்லை. ஷெட்டுக்கு இரண்டாவது மெஷின் வந்த வருடம் தொடங்கியதாகக் கேள்வி என்கிறான் நண்பன். அதற்கும் முன்பே, தான் வேலைக்கு வந்த நாளிலேயே இருந்தது என்கிறார் அக்கா. அந்த மெஷினின் பெயர்த் தகட்டில் வருடத்தின் மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பழைய பராமரிப்புப் பதிவேடுகள் மாடி அறையில் கட்டிக் கிடப்பதாகச் சொல்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இன்றும் இருப்பது, அன்று நான் எழுதிக் கொடுத்த இதுதான்: கும்மிடிப்பூண்டி, தொடங்கிய ஆண்டு சரிபார்க்கப்படவில்லை.