ஸ்டீபன் அண்ணனின் இடதுகை கிட்டார்

ஸ்டீபன் அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை, ஆவடி பக்கம் சேக்காடு வீட்டில். சர்ச்சுக்குக் கிளம்பி, ஷூ மாட்ட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். நாற்பத்தொரு வயது.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் பதினான்கு வருஷம், இரும்புத் தகட்டை அச்சில் அழுத்துகிற பிரஸ் மெஷின் ஓட்டினார். நான் ஆறு வருஷமாக இரும்பைக் குடைந்து வெட்டுகிற மில்லிங் மெஷினில்.

இரண்டு பேருமே கான்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் கணக்கை முடித்து, புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். செத்த அன்றைக்கும் அவர் ஐடி கார்டில் 'நியூ ஜாயினர்' என்றுதான் இருந்தது.

கம்பெனி பெயரைப் போடவில்லை. பயம்தான், வேறென்ன.

அண்ணன் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த பிரஸ் அவருடைய இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. கிளட்ச் ஸ்பிரிங் உடைந்து, பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் மெஷின் இறங்கிவிட்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, புரொடக்‌ஷன் குறைகிறது என்று ஆஃப் பண்ணி வைத்திருந்தார்கள்.

ரிப்போர்ட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி, ஆஸ்பத்திரி கட்டிலிலேயே கையெழுத்து வாங்கினார்கள். வலது கை நன்றாகத்தானே இருந்தது...

இரண்டு வருஷம் கிட்டாரைத் தொடவில்லை. அப்புறம் ஒரு டீ பிரேக்கில் சொன்னார்.

"மச்சான், கைய மாத்திக்கலாம்னு கீறேன். தந்தி மீட்ற பிக் புடிக்க ரெண்டு வெரலு போதும். தந்திய அழுத்த ரைட்டு கீதுல்ல?"

"அதுக்கு லெஃப்ட் ஹேண்ட் கிட்டார் வேணுமேண்ணே."

"கடைல கேட்டேன், ஆர்டர் போட்டாதான் வருமாம். நாம இன்னா மெஷின் ஓட்றோமா, மாவு ஆட்றோமா? ஒண்ணு செஞ்சிக்கலாம் வா."

பிறகு எட்டு மாதம் அதே பேச்சு. ட்ரெயினில், கேன்டீன் க்யூவில்... எந்த பார்ட் வாங்குவது, எதை விடுவது.

தந்திகள் வந்து முடிகிற பிரிட்ஜுக்கு, ஸ்பிரிங் வைத்து ஆட்டுகிற மாடல் ஒன்றைக் காட்டினேன். பார்த்தவுடன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஸ்பிரிங்கா? நாம பாக்காத ஸ்பிரிங்கா? ஆடாம ஒக்கார்ற மாறி இன்னொண்ணு காட்டுடா."

தந்தியின் சத்தத்தை வாங்குகிற பிக்கப்பில் பெரிய சண்டை. எனக்கு ஒரே கம்பிச்சுருள் (காயில்) உள்ளதுதான் பிடிக்கும், சத்தம் பளிச்சென்று இருக்கும். அவர் இரைச்சல் வராத இரட்டைக் காயில்தான் வேண்டும் என்று நின்றார். "எங்க சர்ச்ல டியூப்லைட்டு போட்டாவே ஆம்ப் கொர்ருங்கும். நீ சொல்றத மாட்டினா, பாஸ்டர் ஜெபம் பண்ண சொல்ல நான் கொசு மாறி கத்திகினு நிப்பேன்." இரட்டைக் காயில்தான் வாங்கினோம்.

தந்தி ஓடுகிற நீளக் கட்டை, இடதுகை நெக், முதலில் வந்தது. அதை மட்டும் மடியில் வைத்து, டிவி முன்னால் வலது கை விரல்களால் கார்டு சுரங்களைப் பிடித்துப் பழகுவார். அண்ணி கேட்பார்: "வெறும் கொம்ப வெச்சிகினு இன்னா பாட்டு ஓடுது?"

கிட்டார் பாடிக்கு மஹோகனிப் பலகை. பேக்கிங் மரத்தோடு சேர்த்துக் கம்பெனிக்குள் கொண்டுபோய், லஞ்ச் பிரேக்கில் யாருக்கும் தெரியாமல் என் மெஷினிலேயே வெட்டினோம். வெளியே அதற்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

நெக் உட்காருகிற பள்ளத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, இரும்புக்குக் கொடுப்பதுபோல இம்மிகூட இடைவெளி விடாமல் வெட்டினேன். அழகாக இறங்கியது. இரண்டு பேரும் கை தட்டாத குறை.

மழை ஆரம்பித்தது. மரம் உப்பிக்கொண்டது. கழற்றிய நெக் திரும்ப உள்ளே போகவில்லை.

"வருசம் பூரா இரும்பத் தொட்டு இரும்பத் தொட்டு... மரம் தண்ணி குடிக்கும்னே மறந்துட்டோம்டா" என்று சிரித்தார். ராவித் தருகிறேன் என்றேன். விடவில்லை. "வெயில் வரட்டும், தானா எறங்கும். இன்னா அவசரம்?"

அது இரண்டு வாரத்துக்கு முன்பு. மழை இன்னும் விடவில்லை.

இன்று காலை அடக்கம். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் 'நம் குடும்பத்தில் ஒருவர்' என்று பூ படத்தோடு மெசேஜ் வந்தது. ஷிப்டை விட்டு வர ஒருவருக்கும் பர்மிஷன் இல்லை. மதிய ஷிப்ட் ஆட்கள் நாலு பேர்தான் போனோம்.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நெக், பிரிட்ஜ், பிக்கப், ஸ்க்ரூ, எல்லாம் தனித்தனி கவரில்.

"எல்லாம் கீது தம்பி. மரத்த மட்டும் காணோம்."

"என் லாக்கர்ல கீது அண்ணி. கம்பெனி உள்ள."

"எட்துகினு வந்துடு. அது அங்க இருக்க வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பலகை வெளியே வர கேட் பாஸ் வேண்டும். உள்ளே போனதற்கே பேப்பர் இல்லை. கூட வந்த நண்பன் வழி சொன்னான்: "ஸ்கிராப் லோடுல தள்ளிவுடு மாமே. வெளிய எடைக்கு எடுக்கறவன்கிட்ட வாங்கிக்கலாம். வேலையும் தப்பிக்கும்."

நல்ல யோசனைதான். ஆனால் அதை ஸ்கிராப் என்று என்னால் அனுப்ப முடியாது.

பாஸில் பொருள் என்ற இடத்தில் 'ஸ்டீபனின் கிட்டார்' என்று எழுதப் போகிறேன். எந்த மெஷினில் வெட்டியது என்று கேட்பார்கள். சொல்வேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அம்மா இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

மதிய ஷிப்டுக்குப் போக ஆவடி பிளாட்ஃபார்மில் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். ட்ரெயின் வருகிறது.

போய் வாங்கண்ணே.