கடைசி நான்கு எண்கள்

சரண்யாதேவியின் இ-சேவை மையம் திறப்பது ஒன்பதரைக்கு. ஒன்பதே காலுக்கே பாண்டித்துரை மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்று, ரோட்டில் போகிற லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருப்பார். கருவி எதுவும் கிடையாது, கண்தான். முத்தையாபுரம் வழியாகத் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் ஒன்று டயர் நசுங்க வரும். "முப்பத்தெட்டு டன்னு. மேல ஒரு நூறு கிலோ இருக்கும்" என்பார், பக்கத்தில் நிற்கிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஷட்டர் ஏறியதும் முதல் ஆளாக உள்ளே போய், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியைப் பிடித்துவிடுவார். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், வேலையில் சேர்ந்த கடிதம், வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த கடிதம், அவரும் மனைவி பேச்சித்தாயும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு சின்னப் படம். படத்தில் பேச்சித்தாய் சிரிக்கிறாள். இவர் கேமராவைச் சந்தேகப்படுகிறார்.

பத்து மணிக்கு சரண்யா அவருடைய பென்ஷன் விண்ணப்பத்தைத் திறப்பாள். திரையில் வட்டம் சுற்றும். நெடுநேரம் சுற்றி, சில நாள் அப்படியே நின்றும் போகும். பெயர், பிறந்த தேதி, எத்தனை வருஷ சேவை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பி பட்டனை அழுத்தினால், பதிவு செய்த கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பியிருப்பதாக ஒரு வரி வரும். எந்தக் கைபேசி என்பதையும் திரை சொல்லும். ஆனால் முன்னால் உள்ளதெல்லாம் பெருக்கல் குறிகள், கடைசி நான்கு எண்கள் மட்டும்தான் தெரியும். 4417.

பாண்டித்துரை எக்கிப் பார்ப்பார். "இன்னும் மாறலையோ?"

"மாறலை அண்ணாச்சி."

"சரிம்மா. நாளைக்குப் பாப்போம்."

உறையை மடக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். இப்படியே மூன்று மாதம் ஓடியிருக்கிறது.

அந்த எண் செத்துப்போன எண் என்று சரண்யாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். பழைய சிம், எங்கேயோ தொலைந்துவிட்டது, அதனால்தான் எண்ணை மாற்றித் தரும்படி பழைய கம்பெனிக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்கிறார். மனுப் போட்டது உண்மை. கம்பெனி கைமாறிவிட்டதும், புது முதலாளியின் ஆட்கள் "சென்னையிலேர்ந்து வரணும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் உண்மை. எண் செத்துப்போனது என்பது மட்டும் பச்சைப் பொய். அது திடகாத்திரமாக, இரண்டு தெரு தள்ளி, லிங்கராஜின் சட்டைப் பையில் இருக்கிறது. அது பாண்டித்துரைக்குத் தெரியும். போய்க் கேட்டால் ஐந்து நிமிட வேலை என்பதும் தெரியும். கேட்க மாட்டார். வயிறு எரிகிறது.

லிங்கராஜும் அவரும் துறைமுகச் சாலையில் ஒரு தனியார் எடைமேடையில் இருபத்தேழு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. லாரி மேடையில் ஏறியதும், கருவியில் விழுகிற எடையை ஒருவர் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏற்றுவார். படித்தவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் என்டர் விசையை அழுத்தலாம், லாரி இறங்கலாம். இருபத்தேழு வருஷமும் படித்தவர் பாண்டித்துரை, ஏற்றியவர் லிங்கராஜ். கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டு லிங்கராஜுக்குச் சொல்லிக் கொடுத்ததும், எந்த விசை என்று மறக்காமலிருக்க என்டர் விசையில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்ததும் பாண்டித்துரைதான். அந்த 'சரி'யை மட்டும் அவர் லேசில் சொல்லிவிட மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், மாட்டிக்கொண்டு கருவியை இன்னொரு தரம் பார்ப்பார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துத் தீர்ப்பான். லிங்கராஜ் சிவப்புப் பொட்டுக்கு மேலே விரலை நிறுத்திக்கொண்டு, இவர் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

எடை போடுகிறவன் கையில் போன் இருக்கக் கூடாது என்பது பாண்டித்துரையின் கொள்கை. "போன் இருந்தா ஏஜெண்டு கூப்பிடுவான். அவன் கூப்பிட்டா எடை கூடும், கொறையும். நமக்கு எதுக்கு அந்தச் சோலி?" என்பார். அதனால் கம்பெனியில் எல்லோருடைய கைபேசி எண்ணையும் கேட்டு எழுதியபோது, லிங்கராஜின் எண்ணையே தனக்கும் கொடுத்துவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான கெடக்கோம். எனக்கு வந்தா அவரு சொல்லிருவாரு." அப்போது அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. தனக்கென்று ஒரு போன் வாங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான்.

இருவரும் ஓய்வு பெற்றது ஒரே நாளில். மாலையும் ஒரே கடை மாலை. லிங்கராஜின் மகள் ஐஸ்வர்யா வீட்டில் உட்கார்ந்தபடியே, சோறு கொதிக்கிற நேரத்தில் அப்பாவின் விண்ணப்பத்தை முடித்துவிட்டாள். இருபத்திரண்டாம் நாள் பென்ஷன் வந்துவிட்டது. என்டர் விசைக்குப் பொட்டு வைத்துக் கொடுத்தால்தான் தெரியும் என்றிருந்த மனிதருக்கு வந்துவிட்டது. பொட்டு வைத்துக் கொடுத்தவருக்கு வரவில்லை.

அன்று சாயங்காலமே லிங்கராஜ் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூனோடு பாண்டித்துரையின் வீட்டுக்கு வந்தார். "எனக்குச் சீனி இருக்குல்லா வே" என்று பாண்டித்துரை அதைத் தொடவே இல்லை. பொட்டலம் பிரிட்ஜுக்கு மேலே ஏறியது. மறுநாள் மத்தியானம் பேச்சித்தாய் கண்ணயர்ந்த நேரத்தில் நான்கு மக்ரூன் தின்றார். இனிப்பாக இருந்தது என்பதற்காகவும் லிங்கராஜ் மேல் கோபம் வந்தது.

அதற்கு அடுத்த வாரம் லிங்கராஜ் வீட்டு வாசலில் நீல வயர் பின்னிய சாய்வு நாற்காலி ஒன்று முளைத்தது. அதில் அவர் காலை நீட்டிப் படுத்திருந்ததை பாண்டித்துரை ஒரே ஒரு தடவை பார்த்தார். "நாலு கிலோ ஏறிட்டான்" என்று வீட்டுக்கு வந்து எடையை அறிவித்தார். அதன் பிறகு அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. பால் வாங்கப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

பொறாமை லிங்கராஜோடு நிற்கவில்லை. ஓய்வு பெற்ற யாரைப் பார்த்தாலும் "எத்தனை நாள்ல வந்துச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். எடைமேடையில் காவலுக்கு இருந்தவர் இறந்து, அவருடைய மனைவிக்கு நாற்பதாம் நாள் பென்ஷன் வந்தது என்று கேள்விப்பட்டபோது மனிதருக்குப் பொறுக்கவில்லை. "செத்தவனுக்கு நாப்பது நாள். உசுரோட ஒருத்தன் தெனமும் போயி உக்காந்திருக்கேன், எனக்கு இல்ல" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"லிங்கராஜ் அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க கொறஞ்சு போவீங்க?" என்றாள் பேச்சித்தாய். அவள் தினமும் இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். வீடு அதில்தான் ஓடுகிறது. இவருடைய சர்க்கரை மாத்திரைக்குத் திருப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறான். ஒவ்வொரு மாதமும் "இன்னும் வரலையாப்பா?" என்று அவன் கேட்கும்போது இவர் போனைப் பேச்சித்தாயிடம் நீட்டிவிடுகிறார்.

"ஏளா, அவனுக்குத் தெரியாமயா இருக்கும்? தெனமும் பத்து மணிக்கு அவன் போன்லதான் வந்து விழுது. பாத்துக்கிட்டே படுத்துருக்கான். நான் வந்து கையக் கட்டி நிக்கணும்னு காத்துக்கிட்டிருக்கான். நடக்காது."

நாற்காலி, மக்ரூன், இருபத்திரண்டு நாள் எல்லாவற்றையும் அவர் மன்னித்துவிடக்கூடும். தினமும் பத்து மணிக்கு அந்த எண்ணைப் பார்த்து லிங்கராஜ் சிரிக்கிற சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பை அவர் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

போன வியாழக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும். சரண்யா வழக்கம்போல விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு லிங்கராஜ் உள்ளே வந்தார். கையில் ஒரு கட்டு காலண்டர்த் தாள்கள், தினசரி கிழிக்கிற தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டு.

பாண்டித்துரையின் கண் தன்னையறியாமல் எடை போட்டது. சட்டைக் கழுத்து தொளதொளவென்று கிடந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஏறவில்லை, ஐந்தாறு கிலோ இறங்கியிருந்தது.

"வே, நீரும் இங்கனதான் இருக்கீரா? நல்லதாப் போச்சு" என்று லிங்கராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "எம் பென்ஷன எவனோ அடிக்கப் பாக்கான் வே. மூணு மாசமா தெனமும் பத்து மணிக்கு ஒரு நம்பரு வருது. நான் ஒண்ணும் கேக்கல, ஆனா வருது. யாருக்கும் சொல்லாதேன்னு வேற அதுலயே போட்டிருக்கான். ஐஸ்வர்யாட்ட சொன்னா பயந்துருவா. பத்து மணிக்கு முந்தியே தாளையும் பேனாவையும் எடுத்து வச்சிட்டு உக்காந்துருதேன். சோறு எறங்கல." தாள்களைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றின் பின்புறமும் ஆறு இலக்கமும் வந்த நேரமும், எடைச் சீட்டில் எழுதுவது போலவே, கோடு பிசகாமல் எழுதியிருந்தன.

பிறகு சரண்யாவிடம் திரும்பினார். "ஏம்மா, எதுத்த கடைல புது சிம்முக்குச் சொல்லிட்டேன். இந்த நம்பரை இன்னைக்கே ஒழிச்சுக் கட்டிரப் போறேன். எம் பென்ஷன்ல நம்பர மாத்தணும்னா என்ன செய்யணும்?"

பாண்டித்துரை மடியிலிருந்த உறையை இறுகப் பிடித்தார். அந்த எண் போய்விட்டால் அப்புறம் சென்னையிலிருந்து பதில் வந்தால்தான் உண்டு. அது எந்தக் காலத்தில் வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

"இருங்கண்ணாச்சி, இவங்களுத முடிச்சிட்டுப் பாக்கேன்" என்று சரண்யா பட்டனை அழுத்தினாள்.

லிங்கராஜின் சட்டைப் பைக்குள் 'டிங்' என்றது. மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். "பாத்தியாம்மா, வந்துட்டான்." போனை எடுத்து, உடம்பிலிருந்து எட்டத்தில் பிடித்துக்கொண்டார். சரண்யா திரையைப் பார்த்தாள், அந்தப் போனைப் பார்த்தாள், கடைசியில் பாண்டித்துரையைப் பார்த்தாள்.

பாண்டித்துரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வே லிங்கராஜ், அது களவாணி இல்ல. நாந்தான்."

"எது நீரு?"

"தெனமும் பத்து மணிக்கு. கம்பெனில உம்ம நம்பரத்தான குடுத்தேன். அதுதான் இன்னும் கெடக்கு."

லிங்கராஜ் மெதுவாக உட்கார்ந்தார். பயம் விலக ஒரு நிமிஷம் பிடித்தது. அதன் பிறகுதான் கோபம் வந்தது. "மூணு மாசமாவா? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா வே. நான் சாமிக்கெல்லாம் நேந்துருக்கேன்."

"நீரு மக்ரூனு கொண்டாந்து வச்சீருல்லா. அது எனக்குத் தாங்கல."

"உமக்குத்தான் முந்தி வந்துருக்கும்னு நெனச்சுல்லா வாங்கிட்டு வந்தேன். நீருதான கம்ப்யூட்டரு தெரிஞ்ச ஆளு." காலண்டர்த் தாள்களை மறுபடி ரப்பர் பேண்டுக்குள் அடக்கினார். "இந்த நம்பருக்குப் பயந்து ராத்திரி முழிச்சுக் கெடக்கும்போது, நீரு என்னைக்கும் ராசாதான், எந்தப் பயமும் இல்லாமத் தூங்குதீருன்னு பொறாமையா இருக்கும் எனக்கு."

பாண்டித்துரை மடியிலிருந்த உறையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, பத்து நிமிஷம்தான் இந்த நம்பரு நிக்கும். நாலு போயாச்சு" என்று சரண்யா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். கவுண்டரில் வருமானச் சான்றுக்கு ஒரு அம்மா நின்றிருந்தாள். "அவங்க படிக்கட்டும், நீங்களே அடிங்க."

லிங்கராஜ் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்கானே."

"சொல்லும் வே."

லிங்கராஜ் தொண்டையைச் செருமினார். "ஆறு."

"ஆறு" என்று திருப்பிச் சொல்லி, பாண்டித்துரை அழுத்தினார்.

"பூஜ்யம்."

"பூஜ்யம்."

"ஒம்பது. ரெண்டு."

"ஒம்பது. ரெண்டு."

"மறுபடி ரெண்டு. அஞ்சு."

"ரெண்டு. அஞ்சு."

பாண்டித்துரையின் ஆள்காட்டி விரல் என்டர் விசைக்கு மேலே போய், தொடாமல் நின்றது.

"அழுத்துங்கண்ணாச்சி, நேரம் போவுது" என்றாள் சரண்யா.

அவர் அழுத்தவில்லை. லிங்கராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கராஜ் அதைக் கவனித்தார். போனை மடியில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியை எடுத்து, முதலில் ஒரு கண்ணாடியை, அப்புறம் மற்றதை, நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். விரல் அங்கேயே காத்திருந்தது.