புகை குறைந்த இரும்பு

பூம்பாறையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பையில் ஓடையில் அள்ளிய கருமணல். பூண்டு மூட்டையோடு நிற்கும் அம்மாள், "மண்ணையா சொமந்துக்கிட்டுப் போறீங்க?" என்கிறார்.

காந்தத்தை மணலில் விட்டுக் காட்டுகிறேன். இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ள, வெறும் மண் உதிர்கிறது. மண் கழிந்தால் இரும்பு உருக்கும் உலைக்குக் கரியும் குறைவு, புகையும் குறைவு என்கிறேன்.

"அடுப்புக்கு மேல தொங்கவிட்டுப் பொகை காட்டுனாத்தான் எங்க பூண்டு கெடாம கெடக்கும். பொகை கொறஞ்சா ஒங்க இரும்பு தாங்குமா? மம்பட்டி அடிச்சா நிக்குமா?"

பூண்டும் இரும்பும் ஒன்றா என்று கேட்க வாயெடுத்து நிறுத்துகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சோதனை உலையில் ஒரு வருடமாகப் புகையைத்தான் அளந்தோம். அந்த இரும்பில் ஒரு மண்வெட்டிகூட அடித்துப் பார்க்கவில்லை. இந்த முறையே சிறந்தது என்று நாளை கொடுக்கவேண்டிய அறிக்கையோ பையில் தயாராக இருக்கிறது.

பஸ் வருகிறது. பின்னால் ஏறும் அவர், "மொதல்ல ஒரு மம்பட்டி அடிச்சுப் பாருங்க" என்கிறார்.