அக்காவின் நேரான கூந்தல்

இந்த நினைவு மலரின் முன்பக்கப் படத்தில் அக்காவின் கூந்தல் தோளுக்குக் கீழே நேராக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது அவருடன் பிறந்த முடி அல்ல. உறவினர் பலருக்கே இது தெரியாது. அத்தனை கவனமாக வாழ்ந்தார்.

யட்டவத்தையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் அம்மா புத்தளம் பக்கத்தவர். அம்மாவின் முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். அம்மாவின் சுருள் முடி அக்காவுக்கு வந்தது, அப்பாவின் நேர்முடி எனக்கு. பாடசாலையில் அக்காவை, ஆபிரிக்க வம்சத்தவரை இழிவாகச் சொல்வதுபோல் "காப்பிரி" என்று கேலி செய்தார்கள். ஒழுங்காகத் தலைவாரத் தெரியாதா என்று ஓர் ஆசிரியை வகுப்பின் முன் நிறுத்தி வைத்தார். அடிமைத்தனம் எப்போதோ ஒழிந்துவிட்டதாம்! எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

அக்கா பின்னர் கலேவெலயில் ஆசிரியையானார். எந்தப் பிள்ளையையும் முடிக்காக ஏசியதில்லை. தம் முடியை மட்டும் மன்னிக்கவில்லை. ஆறு கிழமைக்கொருமுறை, ஞாயிறு பூசைக்குப் போய் வந்ததும், கையுறை போட்டு முடி நேராக்கும் கிரீமை நான் பூசுவேன்.

"எரியுது தங்கச்சி. ஆனா கழுவிறாத, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்பார்.

உச்சந்தலை புண்ணாகி, நெற்றியோரம் முடி கொட்டியும் விடவில்லை. மழையென்றால் வெளியே இறங்கமாட்டார். இரண்டு கல்யாணப் பேச்சுகளை, உண்மை தெரிந்துவிடுமே என்று தட்டிக் கழித்தார்.

கருப்பையில் புற்றுநோய் கண்டபோது, கிரீமாலா என்று டாக்டரிடம் கேட்டேன். இத்தகைய கிரீம்களின்மேல் சந்தேகம் உண்டு, ஆனால் இவருக்கு இதனால்தான் வந்ததென்று சொல்ல முடியாது, இனிப் பூச வேண்டாம் என்றார். அந்தப் பதில் இன்றும் என்னை விடவில்லை. பூசிய கை என்னுடையது.

மருந்து ஏற்றியதில் கொட்டிய முடி மீண்டும் சுருண்டு முளைத்தது. விரல் விட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அக்காவும் தொட்டுப் பார்த்தார்.

"இவ்ளோ மெதுமெதுன்னா இருந்திச்சு, என் முடி?"

அழுதுவிட்டேன். இப்படியே விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பெட்டியில நான் இப்படிக் கெடக்கக்கூடாது. எல்லாரும் வருவாங்க. நேராக்கி விடு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியர், தேவாலயப் பங்கு மக்கள், வில்கமுவவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பழைய மாணவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா எவ்வளவு அழகாக இருக்கிறார் என்று பெட்டியருகே நின்று சொன்னீர்கள். அதற்கும் நன்றி. நீங்கள் வருமுன் கதவைச் சாத்திவிட்டு, கையுறை போட்டு, நான்தான் பூசினேன். வழக்கமான நேரம் வரை காத்திருந்தேன். அன்று மட்டும் அக்கா எரியுதென்று சொல்லவில்லை.