நாலு மூலைச் சூடு

கடதாசியும் பேனையுமாக வருகிற ஆளை நான் நம்புவதில்லை. தொண்ணூறுகளில் கல்முனைப் பக்கம் வாழ்ந்த எவளும் நம்பியிருக்க மாட்டாள். பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் எதற்கு எழுதினார்கள் என்பது பிறகுதான் தெரியவரும். சிலருக்கு அதுவும் தெரியவரவில்லை.

எனக்கென்று இருந்தது ஒரேயொரு வயல். சம்மாந்துறைக்கு அங்கால், உம்மா வழியில் எனக்குச் சீதனமாக வந்தது. என் மகளுக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும். வீடு வளவு, காணி பூமி இல்லாத பெண்ணைக் கேட்டு எங்கள் ஊரில் யார் வருவான்? அந்தக் காணியின் உரிமைக் கடதாசியான பெர்மிட் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோனது. புதிதாக ஒன்று எடுக்க அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

வயலின் நடுவே ஒரு மேடு. அதில் எட்டுக் கல்தூண்கள், நாலு நாலாக இரண்டு வரிசை. தலை உடைந்தும் ஆளுயரம் நின்றன. ஒரு பக்கம் மூன்று கற்படிகள். மண்ணைக் கிண்டினால் என் முழங்கை நீளத்துக்குச் செங்கல் வரும். கல்லுமேடு என்போம், அவ்வளவுதான். படிக்குப் பக்கத்தில் பெரிய பலகைக்கல் ஒன்று கிடந்தது. இரண்டு பாதம் வைக்க இடமும், நடுவில் துளையும், ஓரமெல்லாம் பூவேலையும் உள்ள கல். சேறு மிதித்து ஏறினால் என் கணவர் அதில் நின்றுதான் கால் கழுவுவார்.

ஒரு அறுவடைக் காலம், பழைய கட்டிடங்களை அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்று பக்கத்து வயல்காரர் வந்து சொன்னார். எழுதினால் காணியை எடுத்துவிடுவார்கள். பெர்மிட்டும் கையில் இல்லை. வெட்டிய கதிரை அடிப்பதற்கு முன் குவித்து வைப்பதை நாங்கள் சூடு என்போம். இந்த முறை சூட்டைத் தூண்களை மூடி வைக்கச் சொன்னேன்.

"புள்ள, ஒனக்கு எதிலதான் சந்தேகமில்ல?" என்றார் கணவர்.

"ஒங்களக் கலியாணம் முடிச்சதிலயே சந்தேகந்தான். சூட்ட வைங்க."

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்கள அதிகாரி, கையில் அளவுநாடா. தமிழை மெதுவாக, தேடித் தேடிக் கதைத்தார். சூட்டை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எங்கள் அப்பாவும் வயல் செய்தவர். சூடு வட்டமாக வைப்பது. இதற்கு நாலு மூலை இருக்கிறதே அம்மா!"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எட்டுத் தூண்களை மூடுகிற அவசரத்தில் தூண் நின்ற வடிவத்துக்கே சூட்டையும் வைத்துவிட்டோம். அவர் கதிரை விலக்கி ஒரு தூணைத் தடவிப் பார்த்தார். கோபப்படவேயில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்படுகிறவனை நம்பலாம்.

பல நூறு வருடங்களுக்கு முன் புத்த பிக்குமார் வாழ்ந்த மடம் இது என்றார். தூண்களின் மேல் மரக்கூரை, அதன் மேல் ஓடு. நடுவில் எல்லோரும் கூடும் மண்டபம், சுற்றிவரச் சிறிய அறைகள். "சுவர் இந்த வழியாகப் போகும்" என்று காலால் ஒரு கோடு கீறினார். அந்த இடத்தைச் சுரண்டினால், அல்லாஹ்வே, செங்கல் வரிசை அங்கேயே இருந்தது! இருபது வருடமாக அதன் மேல் நடக்கிறேன். ஆசையாகத்தான் இருந்தது, இன்னும் கேட்க. முகத்தில் காட்டவில்லை.

பூவேலைக் கல்லைக் கண்டதும் மறுபடி சிரித்தார். அது பிக்குமார் சிறுநீர் கழிக்கிற கல்லாம். கணவர் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"நம்பாதீங்க. கல்ல நம்மளே எறிய வச்சி அள்ளிக்கொண்டு போகப் பாக்காரு" என்று கணவர் காதுக்குள் சொன்னேன்.

கடைசியில் அந்த அதிகாரி புத்தகத்தை விரித்தார். "இந்தக் காணி யாருடையது?"

நான் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்கினேன். "பயப்பட வேண்டாம்" என்றார். "மேட்டை மட்டும்தான் வரைபடத்தில் போடுவேன். சுற்றியுள்ள வயல் செய்கிறவரின் பெயரையும் எழுதினால் அவருக்குத்தான் நல்லது."

நல்லதாம்! எங்களுக்கு நல்லது செய்ய ஜீப்பில் யார் வந்திருக்கிறான்? கணவர் என்னைப் பார்த்தார், உன் காணி, நீயே கதை என்கிற மாதிரி.

"தெரியா சேர். நாங்க கூலிக்கு வந்த ஆக்கள்."

இன்னொருமுறையும் கேட்டார். இன்னொருமுறையும் அதையே சொன்னேன். எழுதிக்கொண்டு போனார். வீடு போகும் வரைக்கும் என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அரசாங்க ஆட்கள் வந்து எல்லைக்கல் நட்டார்கள். மேட்டைச் சுற்றியல்ல, வயலின் நாலு வரம்பிலும். அழுதுகொண்டு கந்தோருக்கு ஓடினேன். அங்கிருந்த இளம் கிளாக்கர் எங்கள் பக்கத்துத் தமிழர், நல்ல மாதிரி. கோப்பைத் தேடி எடுத்து வாசித்தார்.

"சொந்தக்காரர் ஆருமில்லை எண்டுதான் கிடக்கு. அதாலதான் முழுக் காணியையும் சேத்திருக்கிறாங்க. கூலிக்கு வந்த பொம்பிளை ஒராள் ரெண்டுதரம் சொல்லியிருக்கிறா, ஆருட காணியெண்டு தெரியாதெண்டு. அந்தப் பொம்பிளையக் கூட்டிக்கொண்டு வாங்க. அவ வந்து மாத்திச் சொன்னா ஏதும் செய்யலாம்."

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் தம்பி அந்தப் பொம்பிளை."

அவர் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"காணி வேணுமெண்டா இப்பிடியெல்லாம் பொய் சொல்லலாமா ராத்தா?" என்று கோப்பை மூடிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.